ஹலாலான இனிப்பும் ஆணின் அமானிதமும்

உணவு விஷயத்தில் நம்மவர்கள் அதிகமாகக் கேட்கும் கேள்வி, "இது ஹலாலா, ஹராமா?" என்பதாகும். பிஸ்கட்டில் சேர்ந்துள்ள கொழுப்பு எது, மாத்திரையின் உறை எதனால் ஆனது, கறிக்கடையில் அறுத்தவர் யார் என்றெல்லாம் விசாரிக்கிறோம். விசாரிக்க வேண்டியதுதான், அது ஈமானின் அடையாளம். ஆனால் "ஹலால்" என்ற பதில் கிடைத்தவுடன் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோமே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சீனி ஹலால். அதில் இரண்டாவது கருத்து இல்லை. அந்தச் சீனியை ஓர் ஆண்மகன் நாள்தோறும் அளவின்றி உட்கொண்டு, வயிறு பெருத்து, உடல் நலிந்து, தன் சந்ததிக்கான ஆற்றலையும் குறைத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது அவனுடைய சொந்த விவகாரம் மட்டுமா? மார்க்கம் அவனிடம் எதையும் கேட்காதா? அவன் வீட்டில் ஒருத்தி "மலடி" என்ற பழியைச் சுமந்துகொண்டு மூலையில் அமர்ந்திருக்கிறாளே, அவளுக்கு அவன் என்ன பதில் சொல்வான்? கூச்சத்தின் காரணமாக நாம் பேசாமல் ஒதுக்கிவைத்த இந்த விஷயத்தைச் சற்றே சிந்திப்போம்.

நம் வீட்டுக்குள் வரும் இனிப்பு

நமது திருவண்ணாமலை மாவட்டம் கரும்பு விளையும் பூமி. செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலை இம்மாவட்டத்தில்தான் இருக்கிறது. கரும்பு ஏற்றிய வண்டிகளின் பின்னால் ஓடி ஒரு கழியை உருவாத பிள்ளைகள் இந்தப் பகுதியில் அபூர்வம். 1989ஆம் ஆண்டு மாவட்டம் பிரியும்வரை நம்மோடு வட ஆற்காடாக இருந்த ஆற்காடோ, மக்கன் பேடாவுக்குப் பெயர்போனது. ஆகவே இனிப்பு நமக்கு அந்நியமன்று.

நமது சடங்கு சம்பிரதாயங்களையும் எண்ணிப் பாருங்கள். நிக்காஹ் முடிந்தால் இனிப்பு. பெயர் சூட்டினால் இனிப்பு. பிள்ளை குர்ஆன் ஓதி முடித்தால் இனிப்பு. பெருநாள் காலையில் ஷீர் குர்மா, விருந்தில் பிரெட் அல்வா, நோன்பு திறக்க ரூஹ் அஃப்ஸா கலந்த சர்பத். இவையெல்லாம் மகிழ்ச்சியின் அடையாளங்கள், உறவை வளர்ப்பவை. வருடத்தில் சில நாட்கள் வரும் இந்த இனிப்பைக் குறை கூற எவருக்கும் மனம் வராது.

நம்மைக் கெடுப்பது தினசரி இனிப்பு. காலையில் கடை திறந்து, இரவு பத்து மணிவரை கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் ஒரு சகோதரரை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் வந்தால் ஒரு தேநீர். நண்பர் வந்தால் ஒரு தேநீர். யாரும் வராவிட்டால் அலுப்புக்கு ஒரு தேநீர். ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ 10 கிராம் சீனி. நான்கு தேநீரில் 40 கிராம் ஆயிற்று. மதியம் பிரியாணிக்குப் பின் "ஜீரணத்துக்காக" 300 மில்லி குளிர்பானம். அதில் மட்டும் சுமார் 30 கிராம். ஆக 70 கிராம். இன்னும் பிஸ்கட்டும் மிட்டாயும் கணக்கில் சேரவில்லை!

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இவ்வாறு சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு நாம் பெறும் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கவேண்டும். 2000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம். அதையும் பாதியாக்கி 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நலம் என்கிறது அந்நிறுவனம். நமது சகோதரர் நாற்காலியை விட்டு எழாமலேயே அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கை முடித்துவிடுகிறார்.

விளைவு கண்கூடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நாடெங்கும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. தமிழகத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் அந்நோய் உண்டு.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் சீனி குடலில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரண்டு கூறுகளாகப் பிரிகிறது. குளுக்கோஸை உடலின் எல்லாப் பாகங்களும் பயன்படுத்திக்கொள்ளும். ஃப்ரக்டோஸின் பெரும்பகுதியோ கல்லீரலின் தலையில் விழுகிறது. தேவைக்கு மேல் வந்துகொண்டேயிருந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பு கல்லீரலிலும், வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் படிகிறது. நாம் "தொப்பை" என்று சிரித்துப் பேசுவது இதைத்தான்.

இந்தக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையன்று. அதில் அரோமடேஸ் என்ற நொதி உண்டு. அது ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியைப் பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரஜன் கூடுவதைக் கண்ட மூளை, விரைகளுக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துக்கொள்கிறது. டெஸ்டோஸ்டிரோன் மேலும் இறங்குகிறது. அது இறங்கினால் தசை குறைந்து கொழுப்பு கூடுகிறது. இப்படி ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழலாக அது ஆகிவிடுகிறது.

உடலின் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவான சூட்டில்தான் விந்தணு செம்மையாக உருவாகும். அதற்காகவே படைத்தவன் அந்த உறுப்பை உடலுக்கு வெளியே அமைத்தான். தொடையிலும் அடிவயிற்றிலும் கொழுப்பு சேர்ந்து, நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவரிடம் அந்தக் குளிர்ச்சி கெடுகிறது. நீரிழிவு முற்றினால் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதடைந்து, இல்லற உறவுக்கே இயலாமை ஏற்படுவதும் உண்டு.

"நான் ஒல்லியானவன், எனக்கென்ன?" என்று எவரும் நிம்மதி அடையவேண்டாம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004ஆம் ஆண்டு தங்கள் உடல்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் சமம். உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9 சதவீதம், நம் நாட்டவருக்கு 21 சதவீதம்! நம் மண்ணின் உடலமைப்பு மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பை ஒளித்துவைப்பது. எனவேதான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை என்கிறார்கள்.

ஆய்வுகள் சில

அமெரிக்காவின் பாஸ்டனில் 74 ஆண்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக நான்கில் ஒரு பங்கு இறங்கியது என்று 2013இல் வெளியிட்டார்கள். அது தற்காலிக இறக்கம்தான். ஆனால் நாளெல்லாம் இனிப்பைப் பருகிக்கொண்டே இருப்பவரின் நிலையை நாம் யோசிக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 189 இளைஞர்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவில், இனிப்பு பானங்களை மிக அதிகம் அருந்தியோரின் விந்தணுக்களில் முன்னோக்கி நீந்துபவை, குறைவாக அருந்தியோரைவிட ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தன. பருமனில்லாத இளைஞர்களிடமே இது தெளிவாகத் தெரிந்தது.

கோபன்ஹேகனில் 20 முதல் 35 வயதுக்குட்பட்ட 43 ஆண்களிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவை மூன்று வாரமும், இயல்பான உணவை மூன்று வாரமும் ஒரே கலோரி அளவில் கொடுத்தார்கள். கலோரி சமமாக இருந்தும், பதப்படுத்திய உணவுக் காலத்தில் உடற்கொழுப்பு ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாயிற்று. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் சுரப்பும் குறைந்தது.

இவற்றைக் கொண்டு, சீனி தின்பவனெல்லாம் மலடாவான் என்று முழங்கிவிடக் கூடாது. அது அறிவுக்கும் பொருந்தாது, நீதிக்கும் பொருந்தாது. விரைநாள வீக்கம், கிருமித் தொற்று, பிறவிக் குறை, புகையிலை, மது, கடும் வெப்பத்தில் வேலை எனக் காரணங்கள் பல. காரணமே புலப்படாத தம்பதியரும் உண்டு. இனிப்பு அவற்றுள் ஒன்று. ஆயினும் நம் கைக்கு எட்டிய ஒன்று. நாமே நிறுத்தக்கூடிய ஒன்று.

பிள்ளையில்லாமை தண்டனையும் அல்ல. பெண் மக்களையோ ஆண் மக்களையோ இரண்டையுமோ நாடியவருக்கு அளிப்பதும், நாடியவரை மகப்பேறற்றவராக ஆக்குவதும் தன் விருப்பப்படியே என்று இறைவன் திருமறையில் (42:49,50) அறிவிக்கிறான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்களுடைய மாண்பு அதனால் அணுவளவும் குறைந்ததா? பிள்ளையற்றவரைப் பார்த்து, "தின்று கெட்டான்" என்று நாக்கூசாமல் பேசுவது நோயைவிடப் பெரிய பாவமாகும்.

"நபிகளார் இனிப்பை விரும்பினார்களே!"

இந்த இடத்தில் ஒரு வாதம் எழும். பெருமானார் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்பது ஆயிஷா (ரலி) வாயிலாகப் புகாரியில் வந்துள்ள செய்தி. உண்மைதான். ஆனால் அதே ஆயிஷா (ரலி) அவர்கள்தாம், இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைக் கண்ட பின்னும் நபியின் இல்லங்களில் அடுப்பு எரியாத காலத்தையும், பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாக இருந்ததையும் அறிவிக்கிறார்கள். அரைவயிற்றோடு வாழ்ந்தவர் விரும்பிய ஒரு கை தேனை, முழுவயிற்றின் மேல் ஊற்றும் குளிர்பானத்துக்கு ஆதாரம் காட்டலாமா? அன்றைய அரபு மண்ணின் இனிப்பு பேரீச்சையும் தேனும்தான். கரும்பும் வெண்சர்க்கரையும் இங்கிருந்து மேற்கே போனவை. அரபியர் "சுக்கர்" என்று சொல்வதே நமது சர்க்கரையைத்தான்.

திருமறையின் ஒரே வசனம் (7:31) உண்ணவும் பருகவும் அனுமதித்து, உடனேயே அளவு மீறலைத் தடுக்கிறது. அளவு மீறுவோரை இறைவன் நேசிப்பதில்லை என்றும் கூறுகிறது. சற்று ஆழ்ந்து பாருங்கள்: ஹராமை உண்பதில் "அளவு" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு துளி மதுவும் தடைதான். எனவே அளவு மீறாதே என்ற கட்டளை முழுக்க முழுக்க ஹலாலைப் பற்றியதேயாகும்! வேறிடத்தில் (2:168) "ஹலால்" என்பதோடு "தய்யிப்" என்ற சொல்லும் இணைந்து வருகிறது. தூய்மையானது, நலம் தருவது என்பது அதன் பொருள். முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம். நிரப்பப்படும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது இல்லை என்றும், மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்றும் திர்மிதியில் வரும் நபிமொழி நம் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்ததால் என்ன பயன்?

உடல் நமக்குச் சொந்தமானதன்று, அமானிதம். உன் உடலுக்கு உன்மீது உரிமை உண்டு, உன் மனைவிக்கும் உன்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் ஒரே மூச்சில் அறிவுறுத்தினார்கள். வணக்கத்திலேயே அளவு கடந்த ஒரு தோழருக்குச் சொன்ன அறிவுரை அது. இரவெல்லாம் நின்று தொழுபவரின் உடலுக்கே அந்த உரிமை உண்டென்றால், தின்று கெடுப்பவரின் உடல் நாளை எப்படி வாதாடும்? உடலின் உரிமையும் மனைவியின் உரிமையும் அந்த நபிமொழியில் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவதைச் சிதைப்பவன் இரண்டாவதையும் சிதைக்கிறான்.

பழி யார் தலையில்?

பிள்ளையில்லாத தம்பதியருள் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தச் சோதனையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆனால் நமது தெருக்களில் என்ன நடக்கிறது? திருமணமாகி ஓராண்டு முடியுமுன் மாமியார் மருமகளின் வயிற்றைப் பார்க்கத் தொடங்குகிறார். வேலூருக்கும் சென்னைக்கும் அழைத்துச் செல்லப்படுபவள் அவள். ஊசி போட்டுக்கொள்பவளும் கசப்பு மருந்து குடிப்பவளும் அவள். கல்யாண வீட்டில் தொட்டிலருகே வராமல் ஒதுங்கி நிற்பவளும் அவளே. கணவனுக்கு வேண்டியதோ ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. செலவும் குறைவு, வலியும் இல்லை. "எனக்கென்ன குறை?" என்று அதற்கு மறுக்கிறான்! தமிழில் "மலடன்" என்ற சொல் அகராதியில் உண்டு. தெருவில் அதைக் கேட்பதில்லை. "மலடி" மட்டும் எல்லோர் வாயிலும் புழங்குகிறது.

மார்க்கம் இப்படிக் கற்றுத்தரவில்லை. ஜக்கரிய்யா (அலை) அவர்கள் பிள்ளைவரம் கேட்டு இறைஞ்சியதைத் திருமறையின் 19ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஓதிப் பாருங்கள். முதலில் தம் எலும்புகளின் பலவீனத்தையும் தம் தலையின் நரையையும்தான் சொல்கிறார்கள். அதற்குப் பின்னரே மனைவியின் நிலையைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு நபி தம்மிலிருந்து தொடங்கினார். நாம் மனைவியிலிருந்தே தொடங்குகிறோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் நடந்ததாக இப்னு ஸீரீன் (ரஹ்) வழியாக ஒரு செய்தி வருகிறது. பிள்ளை பெறும் தன்மையற்ற ஒருவர் மணமுடித்தார். இதை அவளிடம் முன்கூட்டிச் சொன்னீரா என்று கலீஃபா கேட்டார்கள். இல்லை என்றார் அவர். போய் அவளிடம் உண்மையைச் சொல்லி, முடிவை அவளிடமே விட்டுவிடும்படி உத்தரவிட்டார்கள். இல்லறத்துக்கே இயலாத கணவனைப் பற்றி மனைவி காழியிடம் முறையிட்டால், அவனுக்கு ஓராண்டு தவணை கொடுத்துப் பார்க்கவேண்டும் என்பதும் நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டமே. நான்கு பருவங்களும் கடந்து செல்லட்டும், குறை தீருமா பார்ப்போம் என்பது அதன் நோக்கம். குறை ஆணிடமும் இருக்கலாம், அதை மறைப்பது மனைவிக்கு இழைக்கும் அநீதி என்பதைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்ட சமுதாயம் இது!

"கூச்சமாக இருக்கிறதே" என்பார்கள். உம்மு சுலைம் (ரலி) என்ற அன்சாரிப் பெண்மணி, சத்தியத்தைக் கூற இறைவன் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரைத்துவிட்டு, பெண்களின் உடல் பற்றிய கேள்வியை நபி (ஸல்) அவர்களிடமே நேருக்கு நேர் கேட்டார்கள். ஒரு பெண்மணி நபியின் சபையில் காட்டிய துணிவை, மீசை முறுக்கும் ஆண்மகன் மருத்துவரின் அறையில் காட்டக்கூடாதா?

"பிள்ளை தருபவன் அல்லாஹ், பரிசோதனை எதற்கு?" என்பவரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி சொன்ன நபியின் உம்மத் நாம். கட்டாத ஒட்டகம் காணாமற் போனால் விதியைக் கை காட்டுவது தவக்குல் ஆகாது, அது சோம்பல்.

என்ன செய்யலாம்?

நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கும். அதாவது இன்று திருந்துபவர் மூன்று மாதத்தில் பலனை எதிர்பார்க்கலாம். டென்மார்க்கில் 56 பருத்த ஆண்கள் எட்டு வாரக் கட்டுப்பாட்டில் சராசரியாக 16 கிலோவுக்கு மேல் எடை குறைத்தபோது, அவர்களின் விந்தணுச் செறிவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று; எடையைத் திரும்ப ஏற்றாதவர்களிடம் அந்தப் பலன் நிலைத்தது என்று 2022இல் வெளியிட்டார்கள். இவ்வளவு கடும் உணவுக் கட்டுப்பாட்டை மருத்துவரின் மேற்பார்வையில்லாமல் எவரும் செய்யக்கூடாது. நமக்குச் சொல்லப்படுவது சிறிய மாற்றங்களே.

தேநீரில் சீனியை இந்த மாதம் பாதியாக்குங்கள். அடுத்த மாதம் அதிலும் பாதி. குளிர்பானத்தை விருந்தாளியாக ஆக்குங்கள், வீட்டுக்காரனாக ஆக்காதீர்கள். நோன்பைப் பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் திறப்பது சுன்னத். சர்பத் அதற்குப் பதிலாகாது. வெல்லமும் கருப்பட்டியும் கூடச் சர்க்கரையின் உறவினர்களே என்பதை மறவாதீர்கள். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டே எதையும் மாற்றவேண்டும்.

நமது ஊரில் மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மாற்று மதச் சகோதரர்கள் நடக்கிறார்கள். அது அவர்களின் வழிபாடு. தொழுகைக்கு எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தகுதி உயர்கிறது, ஒரு பாவம் அழிகிறது என்ற நபிமொழியை வைத்துக்கொண்டிருக்கும் நாமோ, இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிளை உதைக்கிறோம்! ஐந்து வேளையும் நடந்து சென்றாலே நன்மையும் கிடைக்கும், இடுப்பும் குறையும்.

திருமணமாகி ஓராண்டாகியும் கரு தங்காவிட்டால் கணவனும் மனைவியும் ஒரே நாளில், ஒன்றாகச் சென்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கணவன் முதலில் கையை நீட்டட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் இதை நிக்காஹ் ஆலோசனையில் சொல்லட்டும். ஆலிம்கள் ஜும்ஆ மேடையில் நாசூக்காகச் சொல்லட்டும். மாமியாராக இருக்கும் தாய்மார்கள், மருமகளிடம் கேட்கும் கேள்வியை ஒருமுறை மகனிடமும் கேட்டுப் பார்க்கட்டும்.

இவ்வளவு செய்த பின்னும் பிள்ளை பிறக்காமல் போகலாம். அப்போது அது இறைவனின் நாட்டம். அதில் பொறுமை கொள்வதே அழகு. ஆனால் அந்தப் பொறுமையை இருவரும் பகிர்ந்து சுமக்கவேண்டும். ஒருத்தி மட்டும் சுமக்கக் கூடாது. "நான் செய்யவேண்டியதைச் செய்தேன், உன்மேல் பழி வர விடவில்லை" என்று மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தகுதியுள்ள கணவன், பிள்ளை பெற்றாலும் பெறாவிட்டாலும் ஆண்மகனே.

ஹலாலில் அளவையும், அமானிதத்தில் நேர்மையையும், இல்லறத்தில் நீதியையும் பேணி வாழ வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! பிள்ளைவரம் வேண்டி ஏங்கும் உள்ளங்களைத் தன் கருணையால் குளிரச் செய்வானாக! ஆமீன்.